அமெரிக்காவில் ஃபிலிம், மீடியா ஆர்ட் எம்.எஃப்.ஏ.: விண்ணப்பத்திலிருந்து முதல் செமஸ்டர் வரை

ஒவ்வொரு நவம்பரிலும் எனக்கு ஒரே மாதிரி ஒரு போன் வரும். "அக்கா, டோஃபல் இங்கிலீஷ் டெஸ்ட் முடிஞ்சிருச்சு. ஏன் படிக்கணும்னு ஸ்டேட்மெண்ட் எழுதியாச்சு. எட்டு காலேஜ் பார்த்து வெச்சிருக்கேன். போர்ட்ஃபோலியோ மட்டும்தான் பாக்கி." அந்த "மட்டும்தான்" காதில் விழுந்ததுமே எனக்குக் கவலை தொற்றிக்கொள்ளும். தேர்வுக் குழு உங்களை எடைபோடுவதே அந்தப் பாக்கியை, அதாவது உங்கள் படைப்புகளின் தொகுப்பை, வைத்துத்தான். பல இடங்களில் கடைசித் தேதி டிசம்பரிலேயே வந்துவிடுகிறது. மூன்று வாரத்தில் ஒரு நல்ல படைப்பு பிறக்காது.

நான் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு எம்.எஃப்.ஏ. (மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற முதுநிலைப் பட்டம்) படித்தேன். அப்புறம் ஊரிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களின் படங்களையும் கட்டுரைகளையும் பார்த்துக் கருத்து சொல்லிவருகிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். பெரும்பாலும் திறமை குறைவால் அல்ல, வரிசை மாறிப்போவதால். அதனால் வரிசைப்படியே எழுதுகிறேன். ஆகஸ்டில் வகுப்பு என்றால், அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சிலிருந்து கணக்கு தொடங்குகிறது.

1. எம்.ஏ.வா, எம்.எஃப்.ஏ.வா? (மார்ச்)

எம்.ஏ. பெரும்பாலும் சினிமாவைப் பற்றிப் படிப்பது: கோட்பாடு, வரலாறு, ஆய்வுக் கட்டுரை. எம்.எஃப்.ஏ. என்பது எடுத்துப் பழகுவது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் பள்ளியில் சினிமா ஸ்டடீஸ் எம்.ஏ. ஒன்று, படம் எடுக்கும் எம்.எஃப்.ஏ. வேறொன்று. பெயரை மட்டும் பார்த்துத் தவறான படிவத்தை நிரப்பியவர்கள் உண்டு.

அமெரிக்காவில் கலைத் துறைகளுக்கு எம்.எஃப்.ஏ.தான் உச்சப் பட்டமாகக் கருதப்படுகிறது. கல்லூரியில் திரைப்படம் எடுக்கச் சொல்லித்தர அது பொதுவாகப் போதும்.

எம்.எஃப்.ஏ.க்குள்ளும் மூன்று வகையைப் பிரித்துப் பாருங்கள். ஏ.எஃப்.ஐ. (அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்) கன்சர்வேட்டரி போன்ற இடங்களில் இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் என்று ஒரு துறையைச் சொல்லித்தான் விண்ணப்பிக்க வேண்டும். டெக்சாஸ் ஆஸ்டின், பிலடெல்பியாவின் டெம்பிள் போன்ற பல்கலைக்கழகங்களில் மாணவர் தன் படத்தைத் தானே எழுதி, எடுத்து, வெட்டி முடிப்பார். சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் பள்ளி, கால்ஆர்ட்ஸ் போன்ற கலைப் பள்ளிகளில் படத்தோடு இன்ஸ்டலேஷன் (ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பது), ஒலி, அனிமேஷன் எல்லாம் கலந்து வரும்.

இதை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம், போர்ட்ஃபோலியோவில் என்ன வைப்பது என்பதே இதைப் பொறுத்துத்தான். முடிவெடுக்க முடியவில்லையா? கடந்த மூன்று ஆண்டில் யாரும் கேட்காமலே நீங்களாகச் செய்த வேலை எது என்று பாருங்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் உங்கள் பக்கம்.

2. பட்டம், பெயர் சிக்கல்களை இப்போதே தீருங்கள் (மார்ச், ஏப்ரல்)

விஸ்காம் படித்தவர்கள் பலரிடம் இருப்பது மூன்று ஆண்டுப் பட்டம். அமெரிக்காவில் இளநிலை நான்கு ஆண்டு. சில பல்கலைக்கழகங்கள் நம் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கும், சில ஏற்காது, சில மதிப்பீட்டுச் சான்று கேட்கும். துறைக்கு எழுதிக் கேட்டால் "தாராளமாக விண்ணப்பியுங்கள்" என்பார்கள். அது போதாது. துறை உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகும், தகுதி உண்டா என்று சரிபார்ப்பது கிராஜுவேட் ஸ்கூல் என்ற தனி அலுவலகம். அவர்களுக்கு எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள்.

அடுத்து, நம் ஊருக்கே உரிய பெயர்த் தொல்லை. மதிப்பெண் சான்றில் "ச. கவிதா" என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். அப்படியே போனால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயருக்கான இடத்தில் "எஃப்.என்.யூ." என்று அச்சாகிவிடும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. வங்கிக் கணக்கு, சம்பளம், ஓட்டுநர் உரிமம் என்று அது எல்லா இடத்திலும் கூடவே வரும். முடிந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுங்கள். பிறகு ஒவ்வொரு படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

டிரான்ஸ்கிரிப்டுக்கும் (எல்லாப் பாட மதிப்பெண்களும் உள்ள அதிகாரபூர்வச் சான்று) இப்போதே விண்ணப்பித்துவிடலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரித் தேர்வு அலுவலகம், இல்லையென்றால் பல்கலைக்கழகம். இரண்டிலும் நேரம் பிடிக்கும்.

3. பணக் கணக்கைப் போடுங்கள் (ஏப்ரல்)

இடம் கிடைத்த பிறகு பணத்தைப் பற்றி யோசிக்கலாம் என்பதுதான் நான் பார்த்ததில் அதிகம் வலி தந்த தவறு. இடம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் யாராலும் நிதானமாகக் கணக்குப் போட முடிவதில்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய சொல் அசிஸ்டண்ட்ஷிப். வாரத்துக்கு 20 மணி நேரம் வரை ஆசிரியருக்கு உதவியாகவோ கருவி அறையிலோ வேலை செய்கிறீர்கள். பதிலுக்குக் கல்விக் கட்டணம் முழுதாகவோ ஓரளவோ தள்ளுபடியாகிறது, மாதச் சம்பளமும் வருகிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வேலை செய்ய அனுமதிக்கப்பட்ட உச்சமும் அந்த 20 மணி நேரம்தான். "கடையில் வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வேன்" என்று யாரும் திட்டம் போட வேண்டாம்.

ஒவ்வொரு துறையிடமும் இந்த நான்கையும் கேளுங்கள். முதலாண்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு உதவி கிடைக்கிறது? மூன்று ஆண்டுக்கும் உறுதியா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா? கோடை மாதங்களில் சம்பளம் உண்டா? தள்ளுபடிக்குப் பிறகும் நம் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கல்விக் கட்டணம் தள்ளுபடியானாலும் இதர கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் நம் தலையில் விழலாம். அதற்கு மேல் நம் படங்களின் செலவு: நடிகர்களுக்குச் சாப்பாடு, வண்டி, ஹார்ட் டிஸ்க், கடைசி ஆண்டுப் படம். கல்லூரி கேமராவைத் தரும், மற்றதெல்லாம் பெரும்பாலும் நம் பை.

கல்விக் கடன் பெரிதானால் வங்கி அடமானம் கேட்கும். என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்புக்காக அப்பா அம்மா குடியிருக்கும் வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள். படித்து முடித்ததும் இவ்வளவு சம்பளம் என்று சொல்ல முடியாத துறை இது. உதவித்தொகை உள்ள இடங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். இந்த ஆண்டு கிடைக்கவில்லை என்றால் இன்னொரு படம் எடுத்துவிட்டு அடுத்த ஆண்டு போங்கள்.

4. ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுங்கள் (மே)

தரவரிசைப் பட்டியலை மூடிவையுங்கள். ஆசிரியர்கள் எடுத்த படங்களையும், அங்கே படித்தவர்களின் கடைசி ஆண்டுப் படங்களையும் தேடிப் பாருங்கள். இவர்கள் என் படத்தைப் பார்த்துப் பேசினால் எனக்குப் பிரயோஜனமாக இருக்குமா என்பதுதான் கேள்வி. இப்போது படிக்கும் ஒரு மாணவருக்காவது எழுதுங்கள். கேமரா எத்தனை நாளுக்குக் கிடைக்கும், எடுத்த படத்தின் உரிமை யாருக்கு என்பதை அவர்கள்தான் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள்.

5. போர்ட்ஃபோலியோ (மே முதல் செப்டம்பர் வரை)

இதற்கு ஐந்து மாதம் ஒதுக்கச் சொல்கிறேன். கையில் இருப்பதைத் தொகுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். புதிதாக ஒன்று எடுங்கள்: ஆறு முதல் எட்டு நிமிடம், நீங்களே எழுதி, எடுத்து, வெட்டியது. பல துறைகள் மொத்தமாக இவ்வளவு நிமிடம்தான் என்று எல்லை வைக்கின்றன. பார்ப்பவர் ஒரே நாளில் பலருடைய படங்களைப் பார்க்கிறார். முதல் இரண்டு நிமிடத்தில் அவரைப் பிடிக்கவில்லை என்றால் பத்தாவது நிமிடத்தில் வரும் அருமையான காட்சி அவர் கண்ணில் படாமலே போகலாம்.

ஒரு தம்பி எனக்கு அனுப்பிய பதினோரு நிமிடப் படத்தைச் சொல்கிறேன். முதலில் தயாரிப்பு நிறுவன லோகோ. அப்புறம் இருபது பேருக்கு நன்றி. புகைபிடித்தல் எச்சரிக்கை. ஊரின் மேல் பறக்கும் ட்ரோன் ஷாட்டில் தலைப்பு. கதை தொடங்கும்போது ஒரு நிமிடம் நாற்பது நொடி போயிருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் அவருடைய ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, இறந்துபோன தம்பியைப் பற்றிப் பேசுகிறார். பாதிப் பேச்சில் கரண்ட் போகிறது. திரை கிட்டத்தட்ட இருட்டாகிவிட்டது, ஆனால் ஆச்சி நிறுத்தவில்லை. முறத்தில் அரிசி விழுகிற சத்தமும் குரலும் மட்டும் கேட்கின்றன. படத்தை எனக்கு அனுப்பியவர் அதன்மேல் புல்லாங்குழல் இசையைப் போட்டு, இருட்டான பகுதியையும் பாதியாகக் குறைத்திருந்தார்.

இசையை எடுத்தோம். இருட்டை முழு நீளத்துக்கு விட்டோம். படத்தை அந்த ஷாட்டிலிருந்தே தொடங்கினோம். நன்றியெல்லாம் கடைசிக்குப் போனது. ஏழு நிமிடமானது. இரண்டு இடங்களில் நேர்காணலுக்கு அழைத்தார்கள், இரண்டிலும் அந்த இருட்டைப் பற்றித்தான் கேட்டார்கள்.

போர்ட்ஃபோலியோ என்பது நீங்கள் எதை உற்றுப் பார்க்கிறீர்கள் என்பதைக் காட்டும் இடம். வழவழப்பான ஷாட்டை யாரும் எடுத்துவிடலாம். கல்யாண வீடியோ, விளம்பர வேலைகளின் ஷோரீலை முக்கியப் படைப்பாக வைக்காதீர்கள். மீடியா ஆர்ட் பக்கம் போகிறவர் என்றால் ப்ரொஜெக்ஷன், ஒலிப் பதிவு, புகைப்படத் தொடர் எதையும் வைக்கலாம். இன்ஸ்டலேஷன் என்றால் அது இருந்த அறையையும் அதில் ஆட்கள் நடமாடுவதையும் எடுத்து வையுங்கள். படைப்பை மட்டும் நெருக்கத்தில் காட்டினால் அதன் அளவு புரியாது.

தொழில்நுட்பத்தில் அடிக்கடி கெடுவது மூன்று.

முதலில் டியூப்லைட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 ஃப்ரேம் வைத்து, ஷட்டரைத் தானியங்கியில் விட்டால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் பூட்டிவிடுங்கள். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

அடுத்து ஒலி. படம் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். மின்விசிறி, ஃப்ரிட்ஜ் இரண்டையும் அணையுங்கள். மைக்கைப் பேசுகிறவருக்கு அருகில் கொண்டுபோங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை.

மூன்றாவது சப்டைட்டில். தமிழ்ப் பேச்சு இருந்தால் ஆங்கில வரிகளைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடுங்கள். தனிக் கோப்பாக அனுப்பினால் சில தளங்களில் தெரியாமலே போய்விடும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரி 42 எழுத்துக்குள் இருக்கட்டும். சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். சண்டை போட்ட மகனிடம் அம்மா "சாப்பிட்டியா" என்று கேட்டால் அது சமாதானம். வெறும் பசி விசாரிப்பாக மொழிபெயர்த்தால் காட்சியே போய்விடும். தமிழ் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, எந்த இடத்தில் குழம்புகிறார் என்று அவர் முகத்தைப் பாருங்கள்.

ஒவ்வொரு படைப்புக்கும் உங்கள் பங்கு என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். நண்பர் எடுத்த ஷாட்டை உங்களுடையது என்று எழுதாதீர்கள். நேர்காணலில் எந்த லென்ஸ், ஏன் அந்த இடம் என்று கேட்டால் தடுமாறுவீர்கள். அதைவிட, அது அந்த நண்பருக்குச் செய்யும் அநியாயம்.

இசைக்குத் திரைப்பாடல்களை எடுக்காதீர்கள். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உங்கள் காட்சி தர வேண்டிய உணர்ச்சியைப் பாட்டிடம் கடன் வாங்குகிறீர்கள்.

6. பரிந்துரைக் கடிதங்கள் (செப்டம்பர்)

பொதுவாக மூன்று கேட்பார்கள். படத்தை முடித்த பிறகு கேட்கச் சொல்வது ஏன் என்றால், ஆசிரியரிடம் கையோடு அதைக் காட்டலாம். "நீயே எழுதிக் கொண்டுவாம்மா, கையெழுத்து போடுறேன்" என்று நம் ஊரில் சொல்வது சகஜம். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பதிலாக, "சார், உங்களுக்கு வசதியா குறிப்பு எழுதித் தரேன்" என்று ஒரு பக்கம் கொடுங்கள்: அவரிடம் எந்த ஆண்டு படித்தீர்கள், என்ன செய்தீர்கள், எதில் சொதப்பி எப்படிச் சரிசெய்தீர்கள். பதவி பெரிதாக இருப்பதைவிட உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவராக இருப்பது முக்கியம். துறைத் தலைவரைவிட, நீங்கள் உதவி எடிட்டராக இருந்த இடத்தின் எடிட்டர் நல்ல கடிதம் தருவார்.

7. டோஃபல் (செப்டம்பர்)

இந்த மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்குச் சில இடங்களில் விலக்கும் உண்டு. கவனிக்க வேண்டியது ஒன்று: வகுப்பெடுக்கும் உதவியாளராகச் சேர்க்கப் பேச்சுப் பகுதியில் சில பல்கலைக்கழகங்கள் தனியாகக் கூடுதல் மதிப்பெண் கேட்கின்றன. படிப்புக்குப் போதும், பணத்துக்குப் போதாது என்ற நிலை வரக்கூடும்.

8. ஸ்டேட்மெண்ட் (அக்டோபர்)

இதைப் போர்ட்ஃபோலியோவுக்குப் பிறகு எழுதச் சொல்கிறேன். படம் எடுத்து முடித்த பிறகுதான் உங்களுக்கே உங்கள் கேள்வி என்ன என்று தெரியும். முன்பே எழுதினால் "சிறு வயதிலிருந்தே சினிமா என் உயிர்" என்றுதான் தொடங்கும். நான் படித்த வரைவுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் தொடங்கின.

உங்கள் படத்தின் ஒரு காட்சியிலிருந்து தொடங்குங்கள். அதில் எதைத் தேடினீர்கள், எது கைகூடவில்லை, அடுத்து என்ன எடுக்க நினைக்கிறீர்கள், அதற்கு ஏன் இந்தத் துறை. கடைசிப் பகுதியை ஒவ்வொரு கல்லூரிக்கும் புதிதாக எழுதுங்கள். ஒரு கல்லூரியின் பெயரை இன்னொன்றுக்கு அனுப்பிய கட்டுரையில் விட்டுவைப்பது ஆண்டுதோறும் யாரோ ஒருவருக்கு நடக்கிறது. அனுப்பும் முன் பெயரைத் தேடிப் பாருங்கள்.

9. அனுப்புவது (நவம்பர்)

கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். டிசம்பரில் நியூயார்க் நேரம் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். அவர்களுடைய இரவு 11:59 நமக்கு மறுநாள் காலை 10:29. அந்தக் காலைப்பொழுதை நம்பி இருந்து, வீடியோ பாதி ஏறும்போது இணையம் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

படத்துக்கு விமியோ இணைப்பு கொடுப்பதாக இருந்தால், கடவுச்சொல்லை முடிவுகள் வரும்வரை மாற்றாதீர்கள். கூகுள் டிரைவில் அனுமதி கேட்கும்படி வைத்துவிட்டால், அனுமதி கேட்டுக் காத்திருக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. உங்கள் கணக்கு இல்லாத வேறொருவர் போனில் திறந்து, கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள்.

10. நேர்காணலும் முடிவும் (ஜனவரி முதல் ஏப்ரல் வரை)

எல்லாத் துறைகளும் நேர்காணல் வைப்பதில்லை. வைத்தால், உங்கள் படத்தில் எது சரியாக வரவில்லை என்று கேட்பார்கள். நியாயப்படுத்தத் தொடங்காதீர்கள். மூன்று ஆண்டு உங்களோடு உட்கார்ந்து படத்தை விமர்சிக்கப்போகிறவர்கள் அவர்கள். குறை சொன்னால் நீங்கள் காது கொடுப்பீர்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பயந்துபோய் முதலில் வந்ததை உடனே ஏற்க வேண்டியதில்லை. நல்ல உதவித்தொகை ஒன்று கையில் இருந்தால், அதைச் சொல்லி மற்ற இடத்தில் பணிவாகக் கேட்கலாம். கேட்டதற்காக இடத்தைப் பறித்துவிட மாட்டார்கள்.

11. விசா (மே முதல் ஜூலை வரை)

வரிசை இதுதான்: பணம் இருப்பதற்கான சான்றைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் வாங்குவது, செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு முறை) கட்டணம் 350 டாலர் கட்டுவது, டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், பிறகு நேர்காணல் தேதி. ஐ-20 கைக்கு வந்ததும் பெயரையும் தொகையையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். நேர்காணலில் என்ன படிக்கிறீர்கள், யார் பணம் கட்டுகிறார்கள் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன் அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள், டிக்கெட்டை அதற்கேற்பப் போடுங்கள்.

12. முதல் செமஸ்டர் (ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை)

முதல் சம்பளம் வர செப்டம்பர் கடைசி ஆகலாம். வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, சாமான், குளிர் உடுப்பு எல்லாம் அதற்கு முன் வந்து நிற்கும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் அறைத்தோழி கடனாகத் தந்த பணத்தில் சமாளித்தேன். இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஊரில் பழகிய 1/50 இப்போது பட்டை போடும், 1/60-க்கு மாறுங்கள்.

முதல் செமஸ்டரில் உங்கள் படத்தைவிட மற்றவர்கள் படத்தில் அதிகம் வேலை செய்யுங்கள். பூம் (நீளக் கோலில் மாட்டிய மைக்) பிடியுங்கள், ஸ்கிரிப்ட் குறிப்பு எடுங்கள். அடுத்த ஆண்டு அதிகாலை ஐந்து மணிக்கு உங்கள் படப்பிடிப்புக்கு வரப்போகிறவர்கள் அவர்கள்தான். தனியாகவே எல்லாம் செய்து பழகிய நம் பிள்ளைகள் இதில்தான் பின்தங்குகிறார்கள்.

கடைசியாக ஒன்று. அங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா, பிறந்தநாள், அரங்கேற்றம் என்று அன்பாகக் கூப்பிடுவார்கள், வீடியோ எடுத்தால் பணமும் தருவார்கள். எஃப்-1 விசாவில் அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே சம்பாதிப்பது விதிமீறல், ஒரே ஒரு தடவையாக இருந்தாலும். யாராவது கேமராவோடு வரச் சொன்னால், ஒப்புக்கொள்வதற்கு முன் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.